துடிப்பான இளங்குதிரையோடு பழகுவது எப்படி: கொழும்பில் புதிதாகத் தொடங்குபவருக்கு

நம்மில் பெரும்பாலானோர் முதன்முதலில் தொட்டுப் பார்த்த குதிரை மரத்தாலானதுதான். வேட்டைத் திருவிழாவன்று சுவாமியைச் சுமந்தபடி முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு வீதியுலா வரும் வாகனம் அது. கடிக்காது, உதைக்காது, பொலித்தீன் பை பறந்தால் திடுக்கிடாது. உயிருள்ள குதிரை என்றால், நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரையில் ஐந்து நிமிடம் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருப்போம். காலி முகத்திடல் பக்கம் பொலிஸ் குதிரை போவதை பஸ் யன்னலால் பார்த்திருப்போம். வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்கும் முப்பத்து மூன்று வயது வரை அவ்வளவுதான் குதிரை.

இத்தனைக்கும் இந்த நகரத்துக்குக் குதிரை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காலி முகத்திடலிலேயே பந்தயம் ஓடினார்கள். 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் கறுவாத்தோட்டத் திடலில் போர் விமானங்கள் இறங்கி ஏறின. 1950களில் பந்தயம் நின்றது. இன்று அந்தப் பழைய பார்வையாளர் மேடைக்குக் கீழே கடைகள். குதிரை ஏற விரும்புபவர் இப்போது விடியற்காலையில் எழுந்து புறநகர்ப் பக்கம் போக வேண்டும்.

நான் பயிற்றுநர் அல்ல. பகலில் கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுபவன். நாலு வருடமாகக் கிழமையில் மூன்று காலை லாயத்தில் நிற்கிறேன். எதை முதலில் கற்க வேண்டும், எதைத் தள்ளிப் போட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தலைகீழாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கிழட்டுக் குதிரை

இளங்குதிரையைப் பற்றிப் படிக்க வந்தவரைக் கிழட்டுக் குதிரையிடம் அனுப்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, எல்லாவற்றையும் பார்த்து அலுத்துப்போன ஒரு குதிரையில் குறைந்தது ஒரு வருடம் கற்றுக்கொள்ளுங்கள். சவாரி தெரியாதவர் பழக்கப்படாத குதிரையில் ஏறுவது, நீச்சல் தெரியாத இருவர் ஆழத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பது போன்றது. வயதான குதிரை உங்கள் பிழையைப் பொருட்படுத்தாது. இளையது அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் பயந்து கயிற்றை இழுத்ததும், அது தலையை உதறியதும் நீங்கள் விட்டுவிட்டதும் எல்லாம் அதன் நினைவில் ஏறிவிடும். நாளைக்கு அதே உதறலை இன்னும் பலமாகச் செய்து காட்டும்.

இன்னொரு காரணம் குதிரையின் பக்கம் இருக்கிறது. மூன்று வயதில் பார்ப்பதற்கு முழு வளர்த்தி வந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்தரை, ஆறு வயதாகும். பால் பற்கள் இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும். கடிவாளம் போட்டதும் தலையை ஆட்டும் நாலு வயதுக் குதிரையைத் திமிர் பிடித்தது என்று சொல்வதற்குமுன், வாயைத் திறந்து பார்க்க மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. வளரும் முதுகுக்கு அதைவிடக் குறைவாக இருப்பதே நியாயம். கொத்து ரொட்டியைக் குறைக்க எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான காரணம் இதுதான்.

நான் பழகிய இளங்குதிரையின் பெயர் மல்லி. அப்போது நாலு வயது. காயடித்த ஆண், செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெயரைக் கேட்டதும் பூவோ கொத்தமல்லியோ என்று நினைத்தேன். உரிமையாளர் சிங்களவர், அவருடைய மொழியில் மல்லி என்றால் தம்பி. எந்த அர்த்தத்தில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தான் என்பதால் நான் அதை விவாதமாக்கவில்லை.

லாயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

குதிரையைப் பார்ப்பதற்குமுன் தண்ணீர் வாளியைப் பாருங்கள். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லீற்றர் வரை குடிக்கும். கொழும்பு வெக்கையில் வேலையும் செய்தால் அதற்கும் மேல் போகும். வாளியில் பாசி படிந்திருந்தால் அப்படியே திரும்பி பஸ் ஏறிவிடுங்கள். முதல் நாளே உங்களைத் தூக்கி முதுகில் வைத்துக் காசு வாங்கும் இடத்தைவிட, முதல் நாள் கையில் தூரிகையைக் கொடுத்து "தேய்த்து விடுங்கள்" என்று சொல்லும் இடம் மேல்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: குதிரைகள் நாளில் எத்தனை மணிநேரம் வெளியில் நிற்கின்றன? குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்று அமைந்த வயிறு. உலர்ந்த கணக்கில் உடல் எடையின் 1.5 முதல் 2 வீதம் வரை புல்லோ வைக்கோலோ வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. பச்சைக் கினிப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதைக் கட்டுக் கட்டாகப் போட வேண்டியிருக்கும். இதைச் செய்யச் சோம்பிப்போய்த் தானியத்தை அள்ளிப் போட்டு, இருபத்திரண்டு மணிநேரம் அடைத்து வைத்து, மீதி இரண்டு மணிநேரத்தில் அது குதித்தால் "பொல்லாத குதிரை" என்று பெயர் வைத்த ஓர் இடத்தை நான் பார்த்திருக்கிறேன். இளங்குதிரையின் துடிப்பில் பாதிக்கு மேல் தீவனமும் அடைப்பும்தான் காரணம். மீதி பயம். வஞ்சம் என்று எதையும் நான் இன்னும் காணவில்லை.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குதிரைச் சவாரிக்கென்று செய்த, நாடிப் பட்டி உள்ள ஹெல்மெட் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் பாரம், பக்கப் பார்வையையும் மறைக்கும். சப்பாத்துக்கு ஓரளவு குதி இருக்க வேண்டும், அடி வழவழப்பாக இருக்க வேண்டும். விழும்போது கால், சேணத்தில் பாதம் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொண்டால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். அந்தக் குதி அதைத் தடுப்பதற்காகத்தான். சால்வை, தொங்கட்டான், மோதிரம் வேண்டாம். தாலிக்கொடி போட்டிருப்பவர்கள் சட்டைக்குள் விட்டு ஊசி குத்திக்கொள்ளுங்கள். லாயத்து மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கும், ஆகவே தடுப்பூசி போட்ட திகதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டப் போவது

குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கத்திலும் இருக்கிறது. கிட்டத்தட்ட 350 பாகை சுற்றிப் பார்க்கும். நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும் அதற்கு எதுவும் தெரியாது. நாம் அன்பாக நெற்றியைத் தடவக் கையை நேராக நீட்டும்போது அந்தக் கை திடீரென்று காணாமல் போய்விடுகிறது. ஆகவே பக்கவாட்டில், இடது தோளை நோக்கி, பேசிக்கொண்டே வாருங்கள். புறங்கையை மெதுவாக நீட்டி மோக்க விடுங்கள். முதல் தொடுகை கழுத்தில் அல்லது தோளில். தட்டிக்கொடுக்க வேண்டாம், சொறிந்து விடுங்கள். பிடரி முடியும் இடத்தில், சேணத்துக்குச் சற்று முன்னால், குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. மல்லிக்கு அங்கே விரலை வைத்தால் மேலுதடு யானைத் துதிக்கை போல நீண்டுவிடும்.

காதைப் பார்க்கப் பழகுங்கள். ஒரு காது உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் விறைத்து ஒரே திசையில் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது, உங்களை மறந்துவிட்டது. இரண்டும் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டினால் விலகுங்கள். பின்னங்கால் ஒன்றை மடித்து நுனியில் ஊன்றி நின்றால் பயப்பட வேண்டாம், ஓய்வெடுக்கிறது.

எந்தச் சொல்லில் பழக்கியிருக்கிறார்கள் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். எங்கள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நுவரெலியாப் பக்கத்துக்காரர். சிறு வயதிலிருந்தே பந்தயக் குதிரை லாயங்களில் நின்றவர். குதிரையை ஏசுவது சிங்களத்தில், வேலை வாங்குவது ஆங்கிலத்தில், கொஞ்சுவது தமிழில். நடக்க 'வாக்', மெல்லோட்டமாக ஓட 'ட்ரொட்', நிற்க 'ஹோ' என்ற மூன்று சொல்லும் மல்லிக்குத் தெரியும். 'ஹோ' என்பதை நான் பதற்றத்தில் கீச்சுக் குரலில் கத்தியபோது ஓட்டத்தைக் கூட்டினான். குரல் தாழ்ந்து நீண்டு வந்தால்தான் அது நிற்கச் சொல்லும் சொல்.

கயிறு

தலைக்கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மிஞ்சிய கயிற்றைச் சேலைக் கொசுவம் போல மடித்து மடித்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். குதிரை இழுத்தால் மடிப்பு ஒவ்வொன்றாகக் கழன்று போகும். சுற்றியிருந்தால் இறுகும்.

நான் மேலே சொன்ன ஒரு வருடத்தை நானே முழுதாகக் காத்திருக்கவில்லை. இரண்டாவது மாதம், ஒரு சித்திரை காலை, மல்லியை லாயத்திலிருந்து திடலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நானாகவே போய்ப் பிடித்தேன். நன்றாகப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கயிற்றை இரண்டு சுற்று உள்ளங்கையில் சுற்றியிருந்தேன். மதிலுக்கு அப்பால் யாரோ புதுவருடப் பட்டாசைக் கொளுத்தினார்கள். மல்லி பின்னால் பாய்ந்தான். கயிறு என் உள்ளங்கைத் தோலை வாழைப்பழத் தோல் போல உரித்துக்கொண்டு போனது. அது நல்ல நைலோன் கயிறு, வழுக்கியது. கரடான கயிறாக இருந்திருந்தால் விரல் போயிருக்கும். இப்போதும் பேனா பிடிக்கும்போது அந்தத் தழும்பு இழுக்கிறது.

நடத்திச் செல்லும்போது குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முன்னால் போய் இழுத்தால் உங்கள் மேல் ஏறிவிடும். பின்தங்கினால் நீங்கள் இழுபடுவீர்கள்.

விடும் கை

இப்போது சொல்லப்போவதைக் கற்க எனக்கு எட்டு மாதம் ஆனது. ஏறுவதற்குமுன் தரையில் நின்றே இதைக் கற்கலாம், கற்க வேண்டும்.

குதிரையைப் பின்னால் ஓரடி வைக்கச் சொல்லுங்கள். தாடைக்குக் கீழே கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, அதன் மார்பை நோக்கி மெல்ல அழுத்துங்கள். ஒன்றும் நடக்காது. அழுத்தத்தைக் கூட்டாமல், குறைக்காமல் வைத்திருங்கள். தலையைத் தூக்கும், வாயை அசைக்கும், உங்கள் சட்டைப்பையை மோக்கும். வைத்திருங்கள். ஒரு கட்டத்தில் அதன் எடை முன்னங்காலிலிருந்து பின்னுக்குச் சாயும். கால் இன்னும் எழும்பவில்லை, சாய்வு மட்டும்தான். அந்த நொடியில் விரலைத் திறந்துவிட வேண்டும்.

நான் அப்படிச் செய்யவில்லை. கால் பின்னால் போகட்டும், பிறகு விடலாம் என்று நினைத்தேன். கால் போனதும், இன்னொரு காலும் போகட்டும் என்று நினைத்தேன். மல்லி தலையை வெட்டி, காலை உதைத்து, என்னை இழுத்துக்கொண்டு புல்லுக்குப் போய்விட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, நீங்கள் கேட்டீர்கள், அவன் பதில் சொல்லிவிட்டான். இன்னும் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?"

குதிரை அழுத்தத்திலிருந்து எதையும் கற்பதில்லை. அழுத்தம் நீங்கும் அந்த நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைத்தான் கற்கிறது. சாயும்போது விட்டால் சாய்வதைக் கற்கும். உதறும்போது விட்டால் உதறலைக் கற்கும். நீங்கள் விடவே இல்லை என்றால், உங்கள் கைக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது என்று கற்றுக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் அது வெறும் பாரம். வாய் மரத்துப்போன குதிரை என்று சொல்வார்களே, அவையெல்லாம் நேரத்துக்கு விடாத கைகளில் வளர்ந்தவை.

இதைக் கிழட்டுக் குதிரையில் பத்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள் செய்து பாருங்கள். பின்னால் ஓரடி, இடப்பக்கம் ஓரடி, தலையைத் தாழ்த்துதல். தலை தாழ்ந்த குதிரையின் பதற்றமும் அநேகமாகத் தாழும் என்பதால் மூன்றாவது மிகவும் பயன்படும். பிறகு பயிற்றுநர் பக்கத்தில் நிற்க இளையதில் செய்யுங்கள். மூன்று தடவை சரியாக வந்தால் நிறுத்திவிடுங்கள். நாலாவது தடவை கேட்கும் ஆசை நமக்கு வரும். அது நம்முடைய ஆசை, குதிரைக்கு அது தேவையில்லை.

குளம்பு தூக்குவதும் இதே பாடம்தான். தோளில் கையை வைத்துக் காலோடு இறக்கி, முட்டுக்குக் கீழே பின்தசை நாரை மெல்லக் கிள்ளினால் தூக்கித் தரும். முதலில் ஒரு நொடி பிடித்து, அது பறிக்குமுன் நீங்களே கீழே வையுங்கள். குளம்பின் நடுவில் முக்கோணமாக ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். மழைக்காலத்தில் அதன் ஓரப் பள்ளங்கள் கறுத்துக் குழைந்து, அழுகிய முட்டை போல நாறினால் ஈரத்தால் வந்த அழுகல். தினமும் கொத்திச் சுத்தம் செய்து, உலர்ந்த தரையில் நிறுத்தினால் பெரும்பாலும் வராது. ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவ வேண்டும்.

கொழும்பின் சத்தங்களோடு

கிராமத்துக் குதிரைக்கு இல்லாத தொல்லை நகரத்துக் குதிரைக்கு உண்டு. முச்சக்கரவண்டி ஹோர்ன், கட்டடத் தளத்தின் தகரம், வெசாக் கூட்டின் காகித வால், காலையிலும் மாலையிலும் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் வண்டி. இவற்றில் மல்லி பாண் வண்டிக்கு மட்டும் பயப்படவே இல்லை. பாட்டுக் கேட்டதும் இரு காதையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்பான். அவனுக்குப் பயம், மஞ்சள் தார்ப்பாயில்.

பயந்த பொருளிடம் குதிரையை இழுத்துப் போய் மோக்கவைப்பது பலரும் செய்யும் வழி. அது அனேகமாகப் பலிக்காது. எதிர்மாறாகச் செய்யுங்கள். ஒருவர் அந்தத் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு குதிரையை விட்டு விலகி நடக்கட்டும், நீங்கள் குதிரையோடு பின்னால் போங்கள். துரத்தும் பொருளைக் கண்டு ஓடுவது குதிரையின் இயல்பு. விலகிப் போகும் பொருளைக் கண்டால் அதற்கு ஆவல் வரும். மல்லி முதல் நாள் முப்பது அடி தள்ளி வந்தான். ஐந்தாம் நாள் தார்ப்பாய் பிடித்தவரின் முதுகை மூக்கால் இடித்தான். நடுவில் ஒருநாள் காற்றடித்து எல்லாம் பாழாகி மீண்டும் முப்பது அடிக்குப் போக வேண்டியிருந்தது, அப்படித்தான் நடக்கும்.

நீளக் கயிற்றில் வட்டமடிக்கவிடுவது பற்றி ஒரு சொல். ஏறுவதற்குமுன் ஓடவிட்டுக் களைக்கச் செய்துவிட்டால் அடங்கிவிடும் என்று நினைப்பார்கள். தினமும் ஓடுகிற குதிரைக்குத் தினமும் மூச்சுப் பலம் கூடும். ஒரு மாதத்தில் இரண்டு மடங்கு ஓட வேண்டியிருக்கும். சிறு வட்டம் இளம் மூட்டுக்குக் கேடு. 20 மீற்றர் அகல வட்டத்தில், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, பதினைந்து நிமிடம் போதும். களைப்பது முக்கியமில்லை, சொல்லைக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் அது.

ஏறுவதும் இருப்பதும்

இளங்குதிரையின் முதுகில் முதன்முதலாக ஏறுவது உங்கள் வேலையல்ல. தேர்ந்தவர் ஏறி, சில மாதம் பழக்கிய பிறகு உங்கள் முறை.

சேணத்தின் வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது பல குதிரைகள் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். சில அடி நடத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஏறும்போது சேணம் பக்கவாட்டில் உருளும், நீங்களும் கூடவே உருளுவீர்கள். தரையிலிருந்து தொங்கி ஏறாமல் ஒரு படிக்கட்டை வைத்து ஏறுங்கள். இடக்கையில் கடிவாள வாரும் ஒரு பிடி பிடரி மயிரும். முதுகில் பொத்தென்று விழாமல் மெல்ல இறங்குங்கள்.

காது, தோள், இடுப்பு, குதிக்கால் நான்கும் ஒரே நேர்கோட்டில். குதிக்கால் தாழ்ந்திருக்கட்டும். முழங்கையிலிருந்து குதிரையின் வாய் வரை கையும் வாரும் ஒரே கோடு. மெதுநடையில் நான்கு அடியும் தனித்தனியாகக் கேட்கும். ட்ரொட்டில் எதிரெதிர்க் கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டு தாளம். அதில் குலுங்காமல் இருக்க ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு அமர வேண்டும். முதல் மாதம் தொடை எரியும். அதற்குப் பிறகு தவிலுக்குத் தலையாட்டுவது போலத் தானாக வரும். ட்ரொட்டைவிட வேகமான ஓட்டமான கென்டர் மூன்று தாளம். இளையதில் கென்டருக்கு அவசரப்படாதீர்கள்.

நிறுத்துவது ஏறுவதற்கு முந்திக் கற்க வேண்டியது. மூச்சை விட்டு, உடம்பைக் கனமாக்கி அமர்ந்து, விரல்களை மூடுங்கள். நின்றதும் திறவுங்கள். தரையில் கற்ற அதே விரல்தான்.

கேட்காமல் ஓடத் தொடங்கினால் இரண்டு வாரையும் சேர்த்து இழுக்கத் தோன்றும். 400 கிலோவோடு கயிறிழுப்புப் போட்டி நடத்தி நாம் வெல்லப்போவதில்லை. ஒரு வாரை மட்டும் குறுக்கி, தலையை மெல்லப் பக்கத்துக்குத் திருப்பி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். வேகமான பாய்ச்சலில் வெடுக்கென்று திருப்பினால் குதிரை விழுந்துவிடும். ஆகவே இதை நின்ற நிலையிலும் மெதுநடையிலும் நூறு தடவை பழகிவிட்டுத்தான் திடலை விட்டு வெளியே போக வேண்டும். முன்னங்காலைத் தூக்கினால் முன்னால் சாய்ந்து வாரைத் தளர்த்துங்கள்; பிடித்துத் தொங்கினால் குதிரை மல்லாந்து உங்கள் மேல் விழும். பின்னங்காலை உதைத்துத் துள்ளினால் அதன் தலை தாழ விடாமல் முன்னால் போகவிடுங்கள்.

"குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்" என்று நாம் குதிரை மேல் பழி போட்டு வைத்திருக்கிறோம். என் விஷயத்தில் குழி பறித்தவன் நான். அடைமழைக்கு அடுத்த நாள், பக்கத்துக் கட்டடத்தில் அதே மஞ்சள் நிறத் தார்ப்பாய் ஒன்று படபடத்தது. மல்லி நின்று பார்த்தான். பார்க்கவிட்டிருந்தால் போயிருக்கும். எனக்குப் பயம் வந்து இரண்டு வாரையும் இறுக்கினேன். முன்னால் போக வழியில்லாதவன் பக்கவாட்டில் பாய்ந்தான். காறை எலும்பு உடைந்து ஆறு கிழமை கை தொட்டிலில் கிடந்தது, ஹெல்மெட்டில் ஒரு கீறல். அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். விழும்போது வாரை விட்டுவிட்டு, கையை ஊன்றாமல் உருளப் பாருங்கள். சொல்வது எளிது.

வெக்கை

காலை ஆறு மணிக்கு ஏறி ஏழரைக்குள் இறங்கிவிடுவது நல்லது. கொழும்பில் வெயிலைவிட ஈரக்காற்றுத்தான் எதிரி. வியர்வை காயாததால் உடம்பு குளிராது. சில குதிரைகளுக்கு இப்படிப்பட்ட சீதோஷ்ணத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். வேலைக்குப் பிறகு மற்றவை நனைந்து நிற்க, ஒன்று மட்டும் உலர்ந்த தோலோடு வேகமாக மூச்சு வாங்கினால் சும்மா விடாதீர்கள், மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

தாடை எலும்பின் கீழே விரலை வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. வேலை முடிந்து அது 60க்குக் கீழே வரும் வரை நடத்துங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். சூடான குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு நடந்த ஆய்வுகளிலேயே அந்தப் பயம் தீர்ந்துவிட்டது. தாராளமாக ஊற்றலாம். உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை இயல்பு. தீவனத்தில் உப்புச் சேர்க்கச் சொல்லுங்கள், குதிரை வியர்வையில் உப்பு நிறையப் போகிறது.

குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. ஆகவே வயிற்றுவலி என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், தரையைக் காலால் பிறாண்டுதல், படுத்துப் புரளுதல், தீவனத்தைத் தொடாமை இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

வெளியே விடும்போது

இறங்கியதும் வயிற்றுப் பட்டியை இரண்டு துளை தளர்த்துங்கள், அங்கவடிகளை மேலே ஏற்றிவிடுங்கள். கடிவாளத்தைக் காதுக்கு மேலால் கழற்றும்போது அவசரப்படாமல், இரும்பை அதுவாக வாயிலிருந்து விடும் வரை காத்திருங்கள். இழுத்தால் பல்லில் அடிக்கும். மறுநாள் போட விடாது.

மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய் விடுவதற்கும் ஒரு முறை உண்டு. வேலியின் கதவுக்குள் போனதும் அப்படியே கயிற்றைக் கழற்றினால், இளங்குதிரை சந்தோஷத்தில் திரும்பி ஓடும் வேகத்தில் பின்னங்காலை வீசும். உங்கள் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். ஆகவே உள்ளே போய் அரை வட்டம் சுற்றி, அதன் முகம் கதவைப் பார்க்க நிறுத்துங்கள். தலை தாழும் வரை நில்லுங்கள். கயிற்றைக் கழற்றிவிட்டு, நீங்கள் முதலில் இரண்டடி பின்வாங்கிக் கதவுக்கு வந்துவிடுங்கள்.

மல்லிக்கு இப்போது எட்டு வயது. கழற்றிய பிறகும் ஓடாமல் நிற்கிறான். மேலுதட்டை நீட்டி, அந்தச் சொறியும் இடத்தை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறான். ஏழே முக்கால் பஸ் பெரும்பாலும் தவறிவிடுகிறது.